பிழை அவனில்தான்

அன்பு மகன் ஜெறோமுக்கு,

பெரிய விஷயத்துக்கு வாய் வருவதற்கு முதல் ஒரு சின்ன விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பணிசு ரொட்டிக்கு மேலே முட்டை பூசுவதற்கென்று நீ வாங்கி வைத்திருந்த மரப்பிடித் தூரிகையின் வெள்ளைத் தும்பு இப்போது கறுப்பு. எட்டு வருடமாக நான் அதனால்தான் மீசைக்கு மை பூசி வருகிறேன். மைப் பெட்டிக்குள் வருகிற தூரிகை சிரட்டையால் சுரண்டுவது போல இருக்கும். உன்னுடையது பூனை உரசிவிட்டுப் போவது போல. பூசை முடிந்து வெளியே வரும்போது "அண்ணைக்கு வயசு போகுதே இல்லை" என்று யாராவது சொன்னால், உன் தூரிகைக்குப் போகவேண்டிய புகழை நான் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். உன் அம்மாவுக்கு இது தெரியும். அவள் அந்தத் தூரிகையைக் குறடால்கூடத் தொடமாட்டாள். உனக்குப் புதியது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழையது என்னிடமே இருக்கட்டும். அடுத்த மாதம் உன் கல்யாணம். அங்கே என் வாய்க்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது, மீசைக்காவது இருக்கட்டும்.

வாய்க்கு வேலை இல்லை என்ற செய்தியைக் கொண்டுவந்தது சுதாதான். நீ கட்டப்போகிற பிள்ளை, சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே கம்பியூட்டர் வேலைக்கு நின்றுவிட்டவள், தனியாகக் காரோட்டிக்கொண்டு பாலம் தாண்டி பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்து மூன்றாம் மாடி ஏறி எங்கள் கையில் கல்யாணக் கார்டைத் தந்தாள். நீ வரவில்லை. நீ வராததை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தேத்தண்ணி பாதி குடித்த பிறகு கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, "மாமா, ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லுங்கோ பிள்ளை. தப்பா எடுத்தாலும் போகேக்க திருப்பித் தந்துவிடுறன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க வரணும், முன் வரிசையில உட்காரணும்னு ஜெறோம் சொன்னாரு. ஆனா மைக் மட்டும் உங்ககிட்ட போகக் கூடாதாம்."

"ஒரு நன்றி எண்டு சொல்லவும் கூடாதோ?"

"அதை அத்தை சொல்லட்டும்னாரு."

உன் அம்மா பதறிப்போனாள். "நானோ? எனக்குச் செபமாலையை விட்டா வேற ஒண்டும் சொல்லத் தெரியாது பிள்ளை."

நான் சிரித்துச் சமாளித்தேன். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு மைக் இல்லாத கல்யாணம் மொன்றியலில் இதுதான் முதலாவதாக இருக்கும் என்று சொன்னேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். நீ மைக் வேண்டாம் என்றாய், மகனே. பேனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதைக் கடித உறைக்குள் போடாமல் எங்கள் கோயிலின் பங்கு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னதை உறைக்குள் வைத்துத் திருப்பி எடுக்க முடியாது. அன்று சிரித்த ஆட்கள்தான் இந்த மலரை வாசிக்கிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மலர்க் குழுவில் இருக்கிற ரீச்சர் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். மற்றப் பிழைகளை நானே திருத்தவேண்டும்.

சுதா கைப்பையில் இருந்து இன்னொரு கடதாசி எடுத்தாள். உன் கையெழுத்து. "அவரோட பேக்கிங் சாமானெல்லாம் இங்கதான் இருக்காமே மாமா. கல்யாண கேக்கை அவரே செய்யப்போறாரு" என்றாள். நீ திரும்ப மாவில் கை வைத்திருக்கிறாய் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிரெஞ்சில் எழுதியிருந்தாய். அவள் ஒவ்வொன்றாகத் தமிழாக்கி வாசிக்க, நான் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மா அரிக்கிற அரிதட்டு என்றாள். பல்கனியில் இருக்கிறது, பூச்சட்டிக்கு மண் அரித்தேன், கழுவித் தருகிறேன் என்றேன். கேக் ஆறவைக்கிற கம்பித் தட்டு என்றாள். அதன்மேல் என் வேலைச் சப்பாத்துக் காய்கிறது என்றேன். உருளைக் கட்டை? அறை யன்னல் தானாக விழாமல் முண்டு கொடுத்திருக்கிறது. றப்பர் அகப்பை? நெஞ்சுக்குப் பூசுகிற தைலப் போத்தலின் அடியை வழிக்க மிகவும் நல்லது.

"மாமா, நீங்க எதையுமே வீணாக்க மாட்டீங்க போல" என்றாள் சுதா, கடதாசியிலிருந்து தலை எடுக்காமல்.

உனக்கு ஏற்ற பிள்ளை. அவளை மட்டும் கவனமாக வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று இருந்தது. "ஓவன் தெர்மாமீட்டர். இதுக்குப் பக்கத்துல மட்டும் கேள்விக்குறி போட்டிருக்காரு. ஏன் மாமா?"

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். அது பொய். அந்தக் கேள்விக்குறி சாமானுக்குப் போட்டதல்ல, எனக்குப் போட்டது.

அவள் ஓவன் என்கிறாள், நாங்கள் அவன் என்போம். அவனில் வைத்தேன், அவன் சூடாகிவிட்டது, அவனை நிறுத்து. இங்கே பிறந்த பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு யாரந்த அவன் என்று பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியை அவர்களுக்குப் பழக்கியவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் தராசைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீ முதன்முதல் வாங்கியது அதைத்தான்.

உனக்குப் பதினேழு வயது. ஜான்-டலோன் சந்தையில் சனி ஞாயிறு பழக்கூடை தூக்கிய காசில் ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்து மாவை நிறுத்தாய். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டு, "என்ன மோனை, நகைக்கடை திறந்திட்டியோ" என்றேன். அதிலிருந்து நீ அதை எடுக்கிற ஒவ்வொரு தரமும் எத்தனை பவுண், செய்கூலி எவ்வளவு என்று கேட்டேன். நான் வேலை செய்யும், ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவோம். கோப்பையால் அள்ளிப் போடுகிறவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோப்பையில் மாவை அமத்தி அள்ளினால் ஒரு அளவு, தூவி அள்ளினால் ஒரு அளவு, மழை நாளில் இன்னொரு அளவு. வீட்டில் கேக் சுட என்ன சாமான் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டால், மற்றதெல்லாம் பிறகு, தராசை வாங்கு என்றுதான் சொல்வேன். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பகிடி பண்ணினேன். நீ செய்தது சரி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போயிருக்கும். அதைச் சொல்லாமல் மூன்று வருடம் போக்கினேன்.

ஏன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தொழிற்சாலைக்குள் நான் போனபோது தட்டுச் சுரண்டத்தான் விட்டார்கள். பிறகு அவன் வாயில் நிறுத்தினார்கள். காதுக்குள் மா, மூக்குக்குள் மா, செபப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவில் மா. என் பிள்ளை மாவே இல்லாத ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்றுதான் அந்த மாவை நான் தின்றேன். நீயோ உன் சொந்தக் காசில் மாவை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, சந்தோஷமாக, வாயில் பாட்டோடு அதைக் குழைத்தாய். நான் வெறுத்ததை நீ விரும்பியது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்ல எனக்கு வழி தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி பகிடி. பகிடி விடுகிறவனை ஊரில் நல்ல மனுசன் என்பார்கள். அது ஒரு நல்ல மறைப்பு, மகனே. அதற்குப் பின்னால் நின்று என்னவும் செய்யலாம்.

உன் கேக் அப்போதெல்லாம் நன்றாகத்தான் வந்தது. தட்டுக்கு எண்ணெய்த் தாள் வெட்டிப் போடுவாய், பட்டரையும் சீனியையும் பீற்றரால் அடித்து வெண்மையாக்குவாய், முட்டையை ஒவ்வொன்றாக விடுவாய். நான் பகிடி பண்ணிக்கொண்டே மூன்று துண்டு தின்பேன். அது கெட்டுப்போகத் தொடங்கியது ஒரு யூலை மாதத்துக்குப் பிறகு. அந்த யூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறுகிற நாள், தெருவோரம் முழுக்க மெத்தையும் கதிரையும் பழைய அடுப்புகளுமாகக் கிடந்தன. எங்கள் அவனின் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற குமிழ் அதற்கு முதல் மாதம்தான் வெடித்திருந்தது. வீட்டுக்காரனுக்குச் சொன்னால் அடுத்த யூலையில்தான் வருவான். நான் தெருவில் கிடந்த ஒரு அடுப்பிலிருந்து ஒரு குமிழைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வேறு கொம்பனியின் அடுப்பு. ஆனால் ஓட்டை சரியாகப் பொருந்தியது. "பாத்தியே, செய்து வைச்ச மாதிரி" என்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குமிழில் இருந்த இலக்கங்களைப் பார்த்தாய். "அப்பா, இதில முன்னூற்றைம்பது வேற இடத்தில கிடக்கு" என்றாய். "இலக்கம் இலக்கம்தான்ரா" என்றேன்.

அதன் பிறகு உன் கேக் மேலே கறுத்து வெடித்து, உள்ளே வேகாமல் வந்தது. மூன்று கேக் அப்படி. நான்காவதைச் சுடுவதற்கு முதல் நீ எங்கோ போய் அந்தத் தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு வந்தாய். உள்ளங்கை அளவு வட்டம், ஒரு முள்ளு, அவனுக்குள் கம்பியில் கொழுவுகிற கொளுக்கி. எனக்கு வந்ததே கோபம். அவன் வாயில் பதினைந்து வருடம் நிற்கிறவன் நான். கையை உள்ளே காட்டிச் சூடு சொல்லுவேன். என் வீட்டு அவனுக்கு என் பிள்ளை காய்ச்சல் பார்க்கிறானா. "டொக்டர் வந்திட்டார்" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "அவனுக்கு எத்தினை டிகிரியாம், பனடோல் குடுப்பமோ?"

அடுத்த சனிக்கிழமை எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். பங்கு மண்டபத்தில் நூற்றைம்பது பேர். கேக் நீ செய்வதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய், மூன்று தட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ பட்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாய். இதுதான் நான் எழுத வந்தது. நீ போனதும் நான் மேசையில் இருந்த, நீ இன்னும் ஒரு தரமும் கொழுவிப் பார்க்காத தெர்மாமீட்டரை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். ஒளித்து வைத்து நீ தேடுகிறதைப் பார்க்கத்தான். ஒரு மணித்தியாலத்தில் திருப்பிக் கொடுத்திருப்பேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் வேலையிலிருந்து அழைத்தார்கள், ஒருவன் வரவில்லை, உடனே வா என்று. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது பைக்குள்ளேயே என்னோடு வந்தது. வேலைத்தலத்தில் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கும்போதுதான் கண்டேன். ஒரு தொலைபேசி எடுத்து, மோனை, அது என்னட்டக் கிடக்கு, சூட்டைக் குறைச்சு வை என்று சொல்லியிருக்கலாம். பகிடி உடைந்துவிடும் என்று சொல்லவில்லை.

நீ வீடெல்லாம் தேடினாயாம். பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்துச் சுட்டாயாம். வெளியே ஐசிங் பூசி மறைத்தால் எல்லாக் கேக்கும் அழகுதான். மண்டபத்தில் எல்லாரும் வாயூறப் பார்த்தார்கள். நானும் அம்மாவும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்டினோம். கத்தியோடு நடுவிலிருந்து பச்சை மா வழிந்து மேசை விரிப்பில் விழுந்தது. வீடியோக்காரன் லைற்றைக் கிட்டக் கொண்டுவந்தான். யாரோ பின்னால் சிரித்தார்கள். நூற்றைம்பது பேருக்கு முன்னால் எனக்கு முகம் சுட்டது. பாண் தொழிற்சாலைக்காரன் வீட்டுக் கேக் வேகவில்லை. என் சாப்பாட்டுப் பைக்குள் தெர்மாமீட்டர் கிடப்பதும் அந்த நேரம் எனக்குத் தெரியும். நான் மைக்கைப் பிடித்தேன்.

என்ன சொன்னேன் என்று எல்லாருக்கும் ஞாபகம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் திருப்பி எடுப்பதற்கு அது முழுதாக இருக்கவேண்டும். "ஆக்கள் குறை நினைக்கக் கூடாது. எங்கட வீட்டில அவனில ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லி முதல் அவனுக்குக் கையால் பெட்டி மாதிரிக் காட்டினேன். பிறகு உன் பக்கம் விரலை நீட்டி, "பிழை அவனிலதான்" என்றேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வாழ்க்கையில் நான் விட்ட பகிடிகளில் ஆகத் திறமானது அதுதான். நீ கையில் ஒரு அடுக்குக் கடதாசித் தட்டோடு நின்றாய். நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீ சிரித்துக்கொண்டே அந்தத் தட்டுகளை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய் வைத்தாய், அதில் வைக்க எந்தக் கேக் இருந்தது என்று தெரியவில்லை.

பகிடி அன்றோடு போயிருந்தால் நான் இன்று இதை எழுதியிருக்கமாட்டேன். அடுத்த ஞாயிறே உனக்குப் பெயர் வந்துவிட்டது. "அவன் வாறான்." "அவன் இண்டைக்குச் சூடோ?" மெற்றோப் படியில், பூசைக்கு வெளியே, செத்த வீட்டிலும்கூட. ஒரு பிள்ளைக்குத் தகப்பன் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைக்கிறான். நான் இரண்டு வைத்தேன், ஆட்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். நீ முதலில் பாட்டுக் குழுவை விட்டாய். பிறகு பூசையை. பிறகு மாவை. உன் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டு புரோசார்டுக்குப் போனாய். இடையில் இருப்பது ஒரு பாலம். எட்டு வருடத்தில் நீ அதைத் தாண்டி வந்த ஒவ்வொரு தரமும் நான் வேலையில் நின்ற நேரமாகப் பார்த்து வந்தாய். பிரிட்ஜுக்குள் புதுப் பழம் இருந்தால் நீ வந்து போயிருக்கிறாய் என்று எனக்கு விளங்கும். நான் அந்தப் பழத்தை வெட்டித் தின்றுகொண்டு, "துரை வந்திட்டுப் போனாரோ" என்று அம்மாவைக் கேட்பேன். அவள் பழத்தோலைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். நீயும் ஒரு நாள் எனக்கு நேரே வந்து திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் அதற்கும் ஒரு பகிடி சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை.

தெர்மாமீட்டர் வேலைத்தலத்தில் என் அலுமாரியின் மேல் தட்டில், ஒரு பழைய கையுறைக்குள் எட்டு வருடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உடுப்பு மாற்றும்போது அந்தக் கையுறையைப் பார்ப்பேன். முதல் கிழமை கொண்டுவந்திருந்தால் அது ஒரு விளையாட்டு. உனக்குப் பெயர் வந்த பிறகு கொண்டுவந்தால் அது களவு. நாளாக நாளாகக் களவு பழசாகுமே தவிரக் குறையாது. சுதா கார்ட் தந்துவிட்டுப் போனதற்கு அடுத்த திங்கட்கிழமை அதை வெளியே எடுத்தேன். முதலில் அங்கத்தைய பெரிய அவனில் கொழுவிப் பார்த்தேன், கண்ணாடியில் என்ன இலக்கமோ அதையே முள்ளும் காட்டியது. எட்டு வருடம் கையுறைக்குள் கிடந்தும் அதற்கு ஒரு பிழையும் வரவில்லை. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் அவனில் கொழுவி, குமிழை முன்னூற்றைம்பதில் வைத்தேன். நானும் அம்மாவும் குந்தியிருந்து கண்ணாடியால் பார்த்தோம். முள்ளு முன்னூற்றைம்பதில் நிற்கவில்லை. நானூறைத் தாண்டிப் போய் நின்றது.

"அப்ப அண்டைக்கும் உப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றாள் அம்மா.

"ஓம்."

"நான் எட்டு வருசமா முன்னூறுக்குக் கீழதான் வைக்கிறன். கருகிக் கருகித்தான் பிடிபட்டது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. கேட்டா மட்டும் என்ன, பெடியன் போயிட்டான்." எழும்பிக்கொண்டு, "இதை ஆர் ஒளிச்சது எண்டும் நான் கேக்கேல்லை" என்றாள்.

ஆக, பிழை அவனில்தான் இருந்தது, மகனே. அவனில் இல்லை. பெட்டியில்தான், பிள்ளையில் இல்லை. அதையும் முழுதாகச் சொல்லவேண்டும் என்றால், பெட்டியிலும் இல்லை. குமிழைப் பூட்டியவனில். மன்னித்துக்கொள் என்று நான்கு தரம் எழுதி நான்கு தரமும் அடித்தேன், ஒவ்வொரு தரமும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பகிடி வந்து குந்திக்கொண்டது. அதனால் வேறு மாதிரி எழுதுகிறேன். உன் சாமானை ஒளித்தது நான். உன் கேக்கைக் கெடுத்தது என் குமிழ். என் வெட்கத்தை மறைக்க உன்னைப் பிடித்துச் சபையிடம் கொடுத்தேன். இதில் பகிடி ஒன்றும் இல்லை. வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் ஒன்று. அந்தப் பெயரைச் செய்தது நான், ஆனால் எட்டு வருடம் வாயில் கொண்டு திரிந்தது நீங்கள். கல்யாண மண்டபத்தில் அதை யாரும் எடுத்தால், என் கையில் மைக் இருக்காது, ஆனால் நான் முன் வரிசையில் இருப்பேன். என் பிள்ளையின் பெயர் ஜெறோம்.

நீ என் புத்தியைக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். தராசை நம்பு. தட்டில் கறுத்தது வேண்டாம், வெளிர் நிறத்தது நல்லது, கறுப்பு அதிகம் சூடு குடிக்கும். அரிதட்டை மூன்று தரம் கழுவினேன், நீ நான்காவது தரம் கழுவு. கேக்கைக் கம்பித் தட்டில் நன்றாக ஆறவிட்டுத்தான் ஐசிங் பூசு, அவசரப்பட்டு எதையும் மூடாதே. புது வீட்டு அவன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தெர்மாமீட்டரைக் கொழுவிப் பார். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன் அவனுக்குள் ஏதாவது கொழுவ வந்தால், வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிடு.

சாமான்களைக் கொண்டுபோகச் சுதா போன சனிக்கிழமை வந்தாள். காரை நிறுத்தக் கூடாத பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்ததால் அவசரப்பட்டாள். தெர்மாமீட்டரையும் வைத்துப் பெட்டியை மூடப்போகும்போதுதான் அந்தக் குமிழும் அதற்குள் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீ அதைப் பார்க்கவேண்டும், பிறகு ஆற்றில் எறிந்தாலும் சரி. அது இறுகியிருந்தது. குறடால் பிடித்துத் திருகி இழுத்தேன், வந்துவிட்டது. குமிழையும், அவதியில் கையிலிருந்த குறடையும் பெட்டிக்குள் போட்டு, நான்கு சுற்று ரேப் ஒட்டி, வெளிப்படியால் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அம்மாவும் கூட வந்து கார் யன்னலைப் பிடித்துக்கொண்டு கன நேரம் கதைத்தாள். சுதா போன பிறகு நாங்கள் மேலே ஏறினோம். சுதாவிடம் உனக்குக் கொடுத்துவிடவென்று அம்மா பன்னிரண்டு மீன் பணிஸ் அவனில் வைத்திருந்தாள், கதையில் மறந்துவிட்டாள். திருகியபோது சூடு கடைசி இலக்கத்துக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டும் கரியாகியிருந்தன. அவனை நிறுத்துவதற்குக் குமிழ் வேண்டும், இல்லாவிட்டால் குறடு வேண்டும். இரண்டும் அந்த நேரம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தன.